அடுத்த ஆண்டு ராணுவத்திலிருந்து பென்ஷன் வரும் கணவர் இப்போதே என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: கணவர் தரைப்படையில் ஹவில்தார், இப்போது ஜம்மு பக்கம் இருக்கிறார், அடுத்த ஆண்டு பென்ஷன் வருகிறார். வேலூர் மாவட்டத்தில் பிள்ளைகளோடு இருக்கும் நீங்கள், “வந்த பிறகு என்னென்ன சலுகை கிடைக்கும்?” என்று கேட்டால், “அதெல்லாம் யூனிட்டில் பார்த்துக்கொள்வார்கள்” என்று முடித்துவிடுகிறார். அதனால் சலுகைகளின் பட்டியல் ஒன்று வேண்டும் என்கிறீர்கள்.

பட்டியல் எங்கும் கிடைக்கும். முன்னாள் படைவீரர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தால் தினமும் பத்துப் பட்டியல் வந்து விழும். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். எந்தெந்தக் காரியத்தை உடுப்போடு இருக்கும்போதே முடிக்க வேண்டும், எதை ஊருக்கு வந்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்? இந்தப் பிரிவினை தெரியாததால்தான் பலர் அலைகிறார்கள். கேன்டீன் கார்டுக்கு ஓய்வு பெற்ற மறுவாரமே வரிசையில் நிற்பவர், மனைவி பெயரில் இருக்கும் எழுத்துப் பிழையைப் பத்து வருடம் கழித்துத்தான் கண்டுபிடிப்பார். அந்தப் பிழை, அவர் இல்லாத நாளில் அந்த அம்மாவின் குடும்ப பென்ஷனை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்.

நான் ராணுவத்தில் எழுத்தர் பிரிவில் இருந்து ஜேசிஓவாக (சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் இடைப்பட்ட பதவி) ஓய்வு பெற்றவன். கடைசிக் காலம் முழுக்க, படைவீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் பென்ஷன் தாள்களோடு கழிந்தது. இப்போது எங்கள் பக்கத்தில் வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். வழக்கறிஞர் இல்லை, டாக்டரும் இல்லை. கீழே எழுதுவது தரைப்படை ஜேசிஓ மற்றும் சிப்பாய்களுக்குப் பொருந்துவது. விமானப்படை, கடற்படைக்கு அடிப்படை ஒன்றுதான் என்றாலும் அலுவலகங்களும் படிவங்களும் வேறு.

உங்கள் கணவர் சொல்வதில் பொய் இல்லை. பென்ஷன் தாள்களை யூனிட்டும் ரெக்கார்ட் ஆபீஸும்தான் தயாரிக்கும். ஆனால் அவர்கள் தயாரிப்பது தங்கள் கோப்பில் இருப்பதை வைத்து. கோப்பில் இருப்பது சரியா என்று சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கடைசியில் ரெஜிமென்ட் சென்டரில் டிஸ்சார்ஜ் டிரில்லுக்கு, அதாவது படையிலிருந்து விடுவிக்கும் நடைமுறைகளுக்குப் போகும்போது விளக்க வகுப்பு உண்டு. அந்த நேரத்தில் பெட்டி கட்டுவதிலும் நோ டியூஸ் வாங்குவதிலும் இருப்பவர் காதில் எது ஏறும்? அமெரிக்காவில் படையை விட்டு விலகுபவர், குறைந்தது 365 நாட்களுக்கு முன்பே இதற்கான ஆலோசனையைத் தொடங்கியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உடல் பாதிப்புக்கான கோரிக்கையை விலகும் தேதிக்கு 180 முதல் 90 நாள் முன்பு, சேவையில் இருக்கும்போதே கொடுக்கலாம். நம் வீட்டில் அந்த ஒரு வருடக் கெடுவை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அந்த ஒரு வருடம் இன்னும் கையில் இருக்கிறது.

முதல் வேலை, பெயரும் பிறந்த தேதியும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சேர்ந்த அன்று ஒரு கிளார்க், தகப்பன் பெயரைப் பின்னால் ஒட்டி முழுப் பெயராக எழுதியிருப்பார். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும். பான் கார்டில் மூன்றாவது மாதிரி இருக்கும். மனைவி பெயர் இன்னும் மோசம்: கல்யாணத்துக்குப் பிறகு பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரங்களைப் பணிப் பதிவில் ஏற்றும் ஆணை) போட்டபோது ‘லட்சுமி’ என்று எழுதியிருப்பார்கள், ஆதாரில் ‘மகாலட்சுமி’, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் ‘எம். லட்சுமி’. ஒரே பெண்மணிதான், ஆனால் கணினிக்கு மூன்று பேர். இப்போது பென்ஷன் முழுக்க ஸ்பர்ஷ் என்ற இணைய அமைப்பில் போகிறது. பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகம் நேரடியாக வங்கிக் கணக்கில் போடுகிறது. முன்பு வங்கி மேனேஜர் முகம் பார்த்துச் சரிசெய்து கொடுத்த காலம் போய்விட்டது. ஆதாரும் ஸ்பர்ஷும் பேசிக்கொள்ளவில்லை என்றால் உயிர்ச்சான்று கொடுப்பதிலேயே இடிக்கும்.

ஆகவே உங்கள் கணவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவருடைய பதிவில் உங்கள் பெயர், உங்கள் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி ஆகியவை எப்படி இருக்கின்றன என்று. ஒவ்வொன்றுக்கும் பார்ட் டூ ஆர்டர் வெளியானதா என்பதையும் கேளுங்கள். யூனிட் ஹெட் கிளார்க்கிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார். அதை அப்படியே உங்களுக்குப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் ஆதார், பான், பிறப்புச் சான்றிதழோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இது உங்களால் மட்டுமே முடிகிற வேலை, ஏனென்றால் தாள்கள் உங்கள் பீரோவில் இருக்கின்றன. வித்தியாசம் இருந்தால் எந்தப் பக்கத்தைத் திருத்துவது எளிது என்று பாருங்கள். பெரும்பாலும் ஆதாரைத் திருத்துவது சுலபம். ஆனால் ராணுவப் பதிவில் உங்கள் பிறந்த வருடமே தப்பு என்றால் அங்கேதான் திருத்த வேண்டும். உடுப்பில் இருக்கும்போது அது ஒரு பார்ட் டூ ஆர்டரோடு முடியும். பிறகு என்றால் அஃபிடவிட், ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம், அங்கிருந்து பதில், திரும்பவும் கடிதம்.

இதோடு இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஆதாரோடு இணைந்த செல்பேசி எண் எது? போஸ்டிங் மாறும் இடமெல்லாம் சிம் மாற்றிய மனிதருக்கு, ஆதாரில் இருப்பது எப்போதோ தூக்கிப் போட்ட எண்ணாக இருக்கும். ஓடிபி அங்கேதான் போகும். அடுத்து வங்கிக் கணக்கு: பென்ஷன் போகும் கணக்கு உங்கள் இருவர் பெயரிலும், இருவரில் யாரும் இயக்கும்படி இருக்கட்டும். அவர் சம்பளக் கணக்கு ராணுவச் சம்பளப் பேக்கேஜில் இருந்தால், ஓய்வுக்குப் பின் அதை பென்ஷன் பேக்கேஜாக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். விபத்துக் காப்பீடு அதில் அடங்கியிருக்கும். மாற்றினார்களா என்று யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது நிரந்தர மாற்றுத்திறன் இருந்தால், அதையும் இப்போதே பதிவில் ஏற்றுங்கள். பெற்றோர் இருவருக்கும் பிறகு அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப பென்ஷன் கிடைக்க வழி இருக்கிறது. அப்பா இருக்கும்போதே பதிவாகிவிட்டால், பிற்காலத்தில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

இரண்டாவது, மருத்துவம். இதைச் சொன்னால் பாதிப் பேர் கோபித்துக்கொள்வார்கள். ஓய்வுக்கு முன் ஒவ்வொருவருக்கும் ரிலீஸ் மெடிக்கல் நடக்கும். மெடிக்கல் கேட்டகிரி குறைந்தவருக்கு ரிலீஸ் மெடிக்கல் போர்டு உட்காரும். உடம்பில் இருக்கும் கோளாறு படைச் சேவையால் வந்ததா, சேவையால் அதிகமானதா, எத்தனை சதவீதம் என்று அந்த போர்டுதான் எழுதும். அந்தத் தாளில்தான் பிற்காலத்தின் எல்லா வழக்கும் நிற்கிறது. நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம்: ஷேப்-1 என்கிற முழுத் தகுதி மருத்துவ நிலை போய்விட்டால் பிரமோஷன் போய்விடும் என்று முதுகு வலியை மறைப்பார்கள், காது மந்தத்தை மறைப்பார்கள், சர்க்கரைக்கு வெளியில் பிரைவேட் டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவார்கள். இருபத்து நாலு வருடம் மறைத்ததைக் கடைசி மாதத்தில் காட்டினால் போர்டுக்கு ஆதாரம் எங்கே இருக்கும்? பிரமோஷன் என்கிற கவலை முடிந்துபோன இந்தக் கடைசி வருடத்திலாவது, உள்ள கோளாறை எம்ஐ ரூமில் (யூனிட்டின் மருத்துவ அறையில்) சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சேவையில் எப்போதாவது அடிபட்டிருந்தால் அந்தக் காயத்துக்கான அறிக்கை, விசாரணை நடந்திருந்தால் அதன் முடிவு, ஆஸ்பத்திரியில் சேர்ந்த தாள், எல்லாவற்றின் நகலும் அவர் கையில் இருக்க வேண்டும். போர்டின் முடிவு நகலையும் கேட்டு வாங்க வேண்டும்.

இங்கே எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்கிறேன். பாதிப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, அது சேவையால் ஏற்பட்டது அல்லது அதிகமானது என்று ஒப்புக்கொள்ளப்பட்டால் தனித்தொகை உண்டு என்பது நெடுநாள் விதி. சேரும்போது இல்லாத நோய் பிறகு வந்தால், அது சேவையால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசுதான் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது. 20 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் சலுகை, முழுக் காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பு வந்தது. குழுக்களில் இன்றும் சுற்றுவது இந்தப் பழைய கணக்குதான். ஆனால் 2023 செப்டம்பர் 21 முதல் ஓய்வு பெறுவோருக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன. சேவையில் தொடர்ந்து ஓய்வு பெறுபவருக்குக் கொடுப்பதற்கு இப்போது ‘இம்பேர்மென்ட் ரிலீஃப்’ என்று பெயர். ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றை ஒப்புக்கொள்வதில் புதிய விதிகள் இறுக்கமானவை. ஆகவே பழைய தீர்ப்பை நம்பி இத்தனை ஆயிரம் வரும் என்று கணக்குப் போட்டு வீடு கட்ட ஆரம்பிக்க வேண்டாம். மறுத்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலேயே கிளை உண்டு. தாமதித்துப் போனால் உரிமை கிடைத்தாலும் பழைய பாக்கி பொதுவாக மூன்று வருடத்துக்கு மேல் கிடைக்காது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லி வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். விதிகள் இறுகியதற்கு அவர்களும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, கம்யூட்டேஷன். பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது. மத்திய அரசின் சிவில் ஊழியர் 40 சதவீதம் வரை செய்யலாம், படைவீரர் 50 சதவீதம் வரை. இதைக் கிட்டத்தட்ட எல்லோரும் யோசிக்காமல் உச்சவரம்புக்கே கையெழுத்துப் போடுகிறார்கள். தப்பு என்று சொல்லவில்லை, கணக்கைப் பார்த்துவிட்டுப் போடட்டும். உதாரணத்துக்கு அடிப்படை பென்ஷன் 26,000 ரூபாய் என்று வையுங்கள். (பென்ஷன் என்பது கடைசியாக வாங்கிய ஊதியத்தில் பாதி. ஊதியம் என்றால் அடிப்படைச் சம்பளம், எம்எஸ்பி எனும் படைச்சேவை ஊதியம் எல்லாம் சேர்த்து, அகவிலைப்படி சேராது.) அதில் பாதி 13,000. ஆண்டுக்கு 12 மாதம், நாற்பத்தைந்து வயதையொட்டியவருக்கு, வயதுக்கேற்ற பெருக்கல் காரணி சுமார் 9. பெருக்கினால் ஏறத்தாழ 14 லட்சம் கையில் வரும். மாறாக, மாதம் 13,000 ரூபாய் பதினைந்து வருடம் பிடிக்கப்படும். அதன் பிறகு முழு பென்ஷன் திரும்பும். ஒன்பது வருடத்தில் அசல் கழிந்துவிடும், மிச்சம் ஆறு வருடம் கட்டுவது வட்டி மாதிரி. கூட்டிக் கழித்தால் ஏழரை சதவீத வட்டிக்கு வாங்கிய கடனுக்குச் சமம்.

அதற்கு மூன்று நல்ல பக்கங்கள் உண்டு. அகவிலை நிவாரணம் பிடித்தம் போக மிஞ்சியதற்கு அல்ல, முழு 26,000-க்கும் கிடைக்கும். வரும் மொத்தத் தொகைக்கு வருமான வரி இல்லை. இடையில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாக்கியை உங்களிடம் கேட்க மாட்டார்கள், உங்கள் குடும்ப பென்ஷனும் இதனால் குறையாது. ஆகவே 12 சதவீத வட்டிக் கடன் தலையில் இருந்தால் கம்யூட் செய்து அதை அடைப்பது புத்திசாலித்தனம். மகள் படிப்புக்கோ, கட்டி முடியாமல் நிற்கும் வீட்டுக்கோ தேவை என்றாலும் சரி. “எல்லோரும் போடுகிறார்கள்” என்று போட்டு, அந்தப் பணத்தை ஏழு சதவீத டெபாசிட்டில் வைத்தால் என்ன லாபம்? அதைவிட மோசம், மாதம் இரண்டு பைசா வட்டி, மூன்று பைசா வட்டி என்று சொல்லி வருகிறவரிடம் கொடுப்பது. ஓய்வு பெற்ற சிப்பாய் வீட்டில் எப்போது பணம் வரும் என்று ஊரில் சிலருக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். வந்த முதல் ஆறு மாதம் எந்தப் பெரிய முதலீட்டையும் செய்யாமல் இருந்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

மற்ற தொகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவை பொதுவாகத் தானாகவே வந்துவிடும். கிராஜுவிட்டி, தகுதிச் சேவையின் ஒவ்வொரு முழு ஆறு மாதத்துக்கும் கடைசி ஊதியத்தில் கால் பங்கு, பதினாறரை மாத ஊதியம் வரை. இதில் அகவிலைப்படியும் சேரும். சேர்த்து வைத்த விடுப்புக்கு அதிகபட்சம் 300 நாள் சம்பளம். ஏஎஃப்பிபி ஃபண்ட் எனும் படைவீரர் சேமநிதியில் இருக்கும் சேமிப்பு வட்டியோடு. ஆர்மி குரூப் இன்சூரன்ஸில் முதிர்வுத் தொகை. இவற்றில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான், நாமினி. கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்தவர் தாயாரை நாமினியாகப் போட்டிருப்பார். அந்தத் தாயார் காலமாகி வருடங்கள் ஆன பிறகும் மாற்றாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குடும்ப பென்ஷன் பற்றி உங்கள் கணவர் வீட்டில் பேச விரும்ப மாட்டார், யாருமே விரும்ப மாட்டார்கள். ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வுக்குப் பின் அவர் காலமானால் சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். முதல் ஏழு வருடம், அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை, இதில் எது முந்தியோ அதுவரை, உயர்த்திய விகிதத்தில் வரும். பிபிஓ (பென்ஷன் ஆணை) எண்ணும் ஸ்பர்ஷ் கணக்கு எண்ணும் அவர் செல்பேசியில் மட்டும் இருந்தால் போதாது, உங்கள் நோட்டுப் புத்தகத்திலும் இருக்கட்டும்.

மருத்துவ வசதிக்கு இசிஎச்எஸ் எனும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம். 2003 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. அதற்குப் பின் பென்ஷனோடு வருகிறவர்கள் ஒருமுறை கட்டணம் கட்டி உறுப்பினராகிறார்கள். 2017 இறுதியில் நிர்ணயித்தபடி ஹவில்தார் வரை 30,000 ரூபாய், ஜேசிஓக்களுக்கு 67,000. விண்ணப்பத்தை ஓய்வுக்கு முன்பே கொடுத்துத் தற்காலிகச் சீட்டோடு ஊர் வந்தால் நல்லது. கார்டு வரும்வரை நடுவில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் அந்தச் சீட்டுதான் கைகொடுக்கும். வேலூரிலேயே பாலிகிளினிக் இருக்கிறது, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. மகனுக்கு 25 வயது வரை அல்லது சம்பாதிக்கும் வரை, மகளுக்குக் கல்யாணம் வரை அல்லது சம்பாதிக்கும் வரை. அவருடைய பெற்றோரைச் சேர்க்க, அவர்கள் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். இங்கேயும் பதிவில் பெயர் இல்லாதவருக்கு கார்டு இல்லை. மறுபடியும் பார்ட் டூ ஆர்டருக்கே வந்து நிற்கிறோம்.

அடுத்தது வேலை. ஹவில்தார் பொதுவாக 24 வருடத்தில், நீட்டிப்பு கிடைத்தால் 26 வருடத்தில் வருகிறார். அப்போது வயது நாற்பத்து மூன்று, நாற்பத்தைந்துதான். பென்ஷன் மட்டும் போதும் என்று உட்கார்கிற வயதில்லை. மத்திய அரசு குரூப் சி பதவிகளில் 10 சதவீதம் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கீடு. வயது வரம்பைப் பொறுத்தவரை, இப்போதைய வயதிலிருந்து சேவைக் காலத்தைக் கழித்துவிட்டு மூன்று வருடத் தளர்வும் தருவார்கள். பத்தாவது தேறி 15 வருடம் சேவை முடித்தவரை, தொழில்நுட்பத் தகுதி தேவைப்படாத குரூப் சி பதவிகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாகவே எடுத்துக்கொள்வார்கள். பலருக்குத் தெரியாதது, காலம் முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே, சேவையில் இருந்துகொண்டே இந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது. யூனிட்டில் என்ஓசி வாங்க வேண்டும். இன்னொரு நுணுக்கம்: முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ஒரு சிவில் அரசு வேலையில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டால் அந்த ஒதுக்கீட்டு உரிமை தீர்ந்தது. சேருவதற்கு முன்பே வேறு பதவிகளுக்கு விண்ணப்பித்திருந்தால், சேர்ந்தவுடன் அவற்றின் விவரத்தை எழுதிக் கொடுத்து அந்த விண்ணப்பங்களுக்கு மட்டும் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். முதலில் வந்த வாட்ச்மேன் வேலையில் சேர்ந்துவிட்டு, பிறகு நல்ல பதவி வந்தபோது கையைப் பிசைந்தவர்கள் உண்டு.

சேவையில் இருக்கும்போதே கடைசிக் காலத்தில் டிஜிஆர் எனப்படும் மறுவாழ்வு இயக்குநரகம் நடத்தும் பயிற்சிகளுக்குப் போகலாம். ஜேசிஓ, சிப்பாய்களுக்குக் கட்டணம் இல்லை, பயிற்சிக் காலம் பணியாகவே கணக்கு. யூனிட் மூலம் விண்ணப்பித்து, கமாண்டிங் ஆபீசர் அனுப்ப வேண்டும். அங்கேதான் சிக்கல்: ஆள் பற்றாக்குறை, ஆபரேஷன் ஏரியா என்று விடமாட்டார்கள். ஆகவே முன்கூட்டியே விண்ணப்பித்தவருக்கே கிடைக்கும். பயிற்சியின் தரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான். உங்கள் கணவர் டிரைவரா, மெக்கானிக்கா, சிக்னலா, ஸ்டோர் கீப்பரா என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவானாலும், எத்தனை வருடம் என்ன வேலை பார்த்தார் என்று சிவில் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி யூனிட்டிலிருந்து ஒரு அனுபவச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும் சுருக்கெழுத்துகள் தனியார் கம்பெனி மேனேஜருக்கு விளங்காது. டிரைவர் என்றால் சிவில் ஹெவி லைசென்ஸ் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி, ஊருக்கு வந்த பிறகு செய்தால் போதுமானவை. டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, போட்டோக்களோடு வேலூரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டை வாங்க வேண்டும். வேலைவாய்ப்புப் பதிவும் அங்கேயே செய்யலாம். பிள்ளை தொழிற்கல்வியில் சேர்ந்தால் பிரதமர் கல்வி உதவித்தொகை, இப்போதைய நிலையில் பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500. பன்னிரண்டாம் வகுப்பு போன்ற நுழைவுத் தகுதித் தேர்வில் 60 சதவீதம் வேண்டும், முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஹவில்தார் வரையிலான பதவிக்காரர்களின் இரண்டு பிள்ளைகளுக்கு மத்திய படைவீரர் வாரியத்தின் கல்வி உதவி தனியாக உண்டு, அதன் தொகை அவ்வப்போது மாறும். சொந்தத் தொழில் எண்ணம் இருந்தால் தமிழக அரசு 2024 சுதந்திர தினத்தன்று அறிவித்த ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தைக் கேளுங்கள்: ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். கடனைக் கொடுப்பது வங்கிதான் என்பதால், திட்ட அறிக்கை சரியாக இல்லாவிட்டால் அங்கே நிற்கும். கேன்டீன் கார்டைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. அதை எந்தச் சிப்பாயும் மறந்ததாக வரலாறு இல்லை.

உறுதியாகச் சொல்ல முடியாதவை இரண்டு. ஒன்று, ஒரே பதவி ஒரே பென்ஷன்: ஒரே பதவியில் ஒரே அளவு சேவை செய்தவர்களுக்கு, எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பென்ஷன். அது 2014 ஜூலை 1 முதல் கணக்கு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தம். கடைசித் திருத்தம் 2024 ஜூலை 1 முதல். சொந்த விருப்பத்தில் முன்கூட்டியே வெளியேறியவர்களுக்கு அது இல்லை என்பது அரசின் நிலை, அதை எதிர்த்து வழக்குகள் நடந்துகொண்டிருக்கின்றன. உங்கள் கணவர் முழுக் காலம் முடித்து வருகிறாரா, ‘ஓன் ரெக்வெஸ்ட்’டில் வருகிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது வகை என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை நன்றாக யோசிக்கட்டும். மற்றது, சம்பளக் கமிஷன் வரும்வரை இருந்துவிட்டு வரலாமா என்ற கேள்வி. கமிஷனுக்காக நீட்டிப்பு எடுப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஏழாவது கமிஷனில் அதற்கு முன்பே ஓய்வு பெற்றவர்களுக்கும் பென்ஷன் திருத்தி அமைக்கப்பட்டது. எட்டாவதில் என்ன செய்வார்கள் என்று இன்று யார் சொன்னாலும் ஊகம்தான்.

கடைசியாக, அவரிடம் எப்படிப் பேசுவது? “சலுகையெல்லாம் விசாரித்தீர்களா?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும் அம்மா. எல்லைப் பக்கம் நிற்கிறவருக்கு அடுத்த வருடம் ரொம்பத் தூரம். ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். இந்த வாரம், பதிவில் என் பெயர் எப்படி இருக்கிறது, படம் அனுப்புங்கள். அடுத்த வாரம், குரூப் இன்சூரன்ஸில் நாமினி யார். அதற்கடுத்து, முட்டி வலிக்கு எம்ஐ ரூமில் காட்டினீர்களா. அவர் அடுத்த லீவுக்கு வரும்போது இருவருமாகச் சேர்ந்து நல அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். சேவையில் இருப்பவர் குடும்பத்துக்கும் அங்கே பதில் சொல்வார்கள், ஓய்வு பெற்றுத்தான் வர வேண்டும் என்பதில்லை. போகும்போது அவருடைய பார்ட் டூ ஆர்டர் நகலும் உங்கள் ஆதாரும் பையில் இருக்கட்டும். இரண்டிலும் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் எந்தெந்த எழுத்து வித்தியாசம் என்று இங்கேயே பதிலில் எழுதுங்கள், எந்தப் பக்கம் திருத்துவது என்று சொல்கிறேன். ஆதார் எண், பிபிஓ எண் எதையும் பொதுவெளியில் போட்டுவிடாதீர்கள்.